டர்போ ஸ்னோமொபைலுக்கு மாற்று டிராக்: உட்புறத்தில் தொடங்க வேண்டிய தேர்வு

மலைப்பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலுக்கு மாற்று டிராக் தேடுபவர் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: லக் எத்தனை அங்குலம்? டிராக் என்பது வண்டியின் அடியில் சுழலும் முடிவில்லாத ரப்பர் பட்டை. அதன் வெளிப்புறத்தில் வரிசை வரிசையாக நிற்கும் ரப்பர் துடுப்புகளே லக். பனியை வாரிப் பின்னால் தள்ளுபவை அவைதான் என்பதால் கண் முதலில் அங்கே போவது இயல்பு. அதிலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதித் திறனைக் கூட்டும் டர்போ வண்டியில் இருந்தால், இவ்வளவு திறன் இருக்கும்போது இருப்பதிலேயே உயரமான லக்கைப் போட்டுவிடலாமே என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. என் வண்டிக்கு டிராக் மாற்ற வேண்டி வந்தபோது பல வாரங்கள் இதைப் பற்றிப் படித்தேன், அனுபவமுள்ளவர்களிடம் விசாரித்தேன், கையால் தொட்டுப் பார்த்து அளந்தேன். அதன் முடிவில் எனக்கு உறுதியானது ஒன்று: டர்போ வண்டிக்கு டிராக் வாங்குபவர் பட்டையைப் புரட்டி, முதலில் அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் விசை டிராக்குக்குள் நுழையும் இடம் அது. அங்கே பொருத்தம் சரியில்லாவிட்டால் வெளியே எவ்வளவு உயரமான லக் நின்றாலும் பயன் குறைவே.

டர்போ ஏன் இந்தக் கணக்கை மாற்றுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது. கடல் மட்டத்தில் 165 குதிரைத் திறன் தரும் எஞ்சின் 2,400 மீட்டர் உயரத்தில் 125 அளவில்தான் நிற்கும். ஸ்கீ-டூ பெயரில் 2020ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த சம்மிட் 850 ஈ-டெக் டர்போ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தப்பட்டு வந்த முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல். ஏறத்தாழ 2,400 மீட்டர் வரை 165 குதிரைத் திறனை அப்படியே வைத்திருக்கும் என்பதே அதன் வாக்குறுதி. 2022 மாடலில் போட்டி நிறுவனமான போலாரிஸும் பேட்ரியட் பூஸ்ட் என்னும் டர்போ எஞ்சினுடன் களத்தில் இறங்கியது. அதற்கு முன்பும் பின்பும், சாதாரண வண்டி வாங்கித் தனியாக டர்போ கிட் பொருத்திக்கொள்பவர்கள் ஏராளம். என் வண்டியும் அப்படிப்பட்டதுதான். ஆக, மெல்லிய காற்றுக்குப் பழகிய உதிரிப் பாகங்கள் மீது, மலை உச்சியிலும் குறையாத முறுக்கு விசை வந்து விழுகிறது. அந்த விசை முழுவதையும் தாங்க வேண்டியது டிராக்கின் உட்புறத்தில் இருக்கும் சிறிய ரப்பர்ப் பற்கள்.

பழைய டிராக்கைக் கழற்றித் தரையில் விரித்தபோது வெளிப்புறம் அவ்வளவு மோசமாக இல்லை. சில லக்குகளின் நுனி உருண்டிருந்தது. ஒரு மரக்கட்டையின் மேல் ஏறிய இடத்தில் இரண்டு லக்குகள் அடியோடு பிய்ந்து உள்ளே இருந்த துணியிழை தெரிந்தது. புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான நிலை புரிந்தது. உட்பற்களின் ஒரு பக்கத் தோள் மட்டும் கடித்துத் துப்பியதுபோல் சிதைந்திருந்தது. எதிர்ப்பக்கத் தோளில் வார்ப்பு அச்சின் மெல்லிய கோடு புதிதாக இருந்தபடியே இருந்தது. டிராக்கைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் தள்ளும் பக்கம் எது என்பதை யாரும் சொல்லாமலே அது காட்டியது. ஜன்னல்கள் என்று சொல்லப்படும் செவ்வகத் துளைகளில் சில, ஓட்டத் திசையில் நீண்டு, ஓரத்து ரப்பர் பளபளவென்று மெழுகுபோல் ஆகியிருந்தது. ஒவ்வொரு வரிசையாகக் கையால் மடக்கிப் பார்த்தால், உள்ளே குறுக்காக ஓடும் ஃபைபர்கிளாஸ் கம்பி உடைந்த வரிசைகள் கதவின் கீல்போல் எளிதாக மடங்கின. கம்பி உடைந்த வரிசை அகலவாட்டில் விறைப்பை இழந்துவிடும். அதன் அருகில் இருக்கும் உட்பல்லும் நேராக நிற்காது.

உட்பற்கள் இப்படிச் சிதைவதற்குக் காரணம் பல் தாண்டுதல். சைக்கிள் செயின் தளர்ந்திருக்கும்போது அழுத்தி மிதித்தால் செயின் பல்லின் மேல் ஏறிக் குதிப்பதைப் போலவே, டிராக்கும் ஸ்பிராக்கெட்டின் பிடியிலிருந்து நழுவி அடுத்த பல்லுக்குத் தாவும். டர்போ ஊதத் தொடங்கி விசை திடீரென்று ஏறும் நொடியிலும், இறக்கத்தில் பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்கும்போதும் இது நேர்கிறது. டிராக்கை மேலே மூடியிருக்கும் உலோகக் கூடான டனலுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உட்பற்களில் கொஞ்சம் ரப்பர் போய்விட்டது என்று பொருள். டிராக்கை இறுக்கிக் கட்டினால் சத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் இறுக்கிய டிராக், அதன்மேல் வண்டியைத் தாங்கும் ரெயில்களின் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளின் மேல் அதிகமாக உராய்ந்து, டர்போ கொடுத்த திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; தாங்கிகளும் சீக்கிரம் தேயும்.

ஸ்பிராக்கெட்டில் இரண்டு வகைப் பிடிகள் உண்டு. ஒன்று, டிராக்கின் உட்பற்களைப் பின்னாலிருந்து தள்ளும் இன்வொல்யூட் வகை. மற்றொன்று, ஸ்பிராக்கெட்டின் வெளிநீட்டிய பற்கள் ஜன்னல்களுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும் எக்ஸ்ட்ரோவர்ட் வகை. இரண்டும் சேர்ந்த கூட்டு வகையும் இருக்கிறது. டர்போ வண்டிக்கு ஜன்னலுக்குள் நுழையும் பற்கள் இல்லாத ஸ்பிராக்கெட்டை வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜன்னல் பிடிப்பு இருந்தால் டிராக்கைச் சற்றுத் தளர்வாகவே ஓட்டலாம், உராய்வு குறையும், பல் தாண்டுதலும் ஏறத்தாழ நின்றுவிடும். அதற்கு ஈடாக ஜன்னல்களின் ஓரம் தேய்மானத்தை ஏற்கும் என்பதால், அந்த ஓரத்தைக் காக்கும் உலோகக் கிளிப் எல்லா ஜன்னல்களிலும் இருக்கிறதா, இரண்டு மூன்று ஜன்னல்களுக்கு ஒன்று மட்டும் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் பார்க்க வேண்டும். இதைக் கேட்டபோது ஒரு கடைக்காரர் வியப்போடு என்னைப் பார்த்தார். லக்கைப் பற்றிக் கேட்காமல் கிளிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு போலும்.

வரலாற்றிலும் இந்த இடத்துக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியே, பனியில் ஓடும் வண்டிக்காக 1937இல் காப்புரிமை பெற்றது ரப்பர் பூசிய பற்சக்கரமும் டிராக்கும் சேர்ந்த இயக்க அமைப்புக்குத்தான். பனியில் மிதக்கும் பட்டை ஒன்றைச் செய்வதைவிட, அதை வழுக்காமல் சுழற்றுவதே அவருக்குக் கடினமான வேலையாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவருடைய ஸ்கீ-டூ சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1959இல்.

பிட்ச்சுக்கு வருவோம். பட்டையில் அடுத்தடுத்த பிடிப்புகளுக்கு இடையே உள்ள தூரமே பிட்ச். மலை வண்டிகளில் 2.86, 3.0, 3.5 அங்குலப் பிட்ச்சுகளைப் பரவலாகக் காணலாம். டிராக்கின் நீளம் இந்தப் பிட்ச்சின் முழு மடங்காகத்தான் இருக்க முடியும்: 3.0 பிட்ச்சில் 55 வரிசை என்றால் 165 அங்குலம், 3.5 பிட்ச்சில் 47 வரிசை என்றால் 164.5 அங்குலம், அதையும் 165 என்றே விற்பார்கள். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வண்டிக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. 3.0 பிட்ச்சுக்கு வெட்டிய ஸ்பிராக்கெட்டின் மேல் 3.5 பிட்ச் டிராக் உட்காரவே உட்காராது. ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது சுற்றளவையும் கணக்கிட வேண்டும். 3.0 பிட்ச்சில் 7 பல் ஸ்பிராக்கெட் ஒரு சுற்றுக்கு 21 அங்குல டிராக்கை நகர்த்துகிறது. 3.5 பிட்ச்சில் 6 பல் ஸ்பிராக்கெட்டும் அதே 21 அங்குலம்தான் என்பதால் கியர் விகிதம் மாறாது. மாறாக, 8 பல்லிலிருந்து 7 பல்லுக்கு இறங்கினால், பிட்ச் எதுவாக இருந்தாலும், டிராக்கின் வேகம் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்பிராக்கெட் அச்சைச் சுழற்றும் செயின் இருக்கும் பெட்டியான செயின் கேஸில் உள்ள கியரை மாற்றித்தான் அதை ஈடுசெய்ய முடியும்.

பெரிய பிட்ச்சுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது. லக் வரிசைகளுக்கு இடையே இடைவெளி கூடுவதால் பனி தங்கிக் கெட்டிப்பட இடம் கிடைக்கிறது. வரிசைகள் குறைவதால் எடையும் குறைகிறது. கெட்டியான பாதையில் ஓட்டும்போது அதிர்வு கூடுதலாகக் கைக்கு ஏறும் என்பது அதன் விலை. 3.5க்கு மாற வேண்டிய அளவுக்கு எனக்கு அதில் லாபம் தெரியவில்லை. 3.0 பிட்ச்சிலேயே இருப்பதென்று இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு தேட வேண்டிய பட்டியலும் பாதியாகச் சுருங்கியது.

ஸ்பிராக்கெட்டின் அளவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் டனலுக்குள் இருக்கும் இடநெருக்கடியால் வருகிறது. டனலின் முன்பக்கத்திலும் மேற்புறத்திலும் எஞ்சின் குளிர்விப்பு நீர் ஓடும் கூலர்கள் இருக்கின்றன. லக்கின் நுனி அவற்றை உரசாமல் சுழல வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் இடம் தாராளமாக இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் டர்போ வண்டி முழுத் திராட்டிலில் ஓடும்போது பட்டை மையவிலக்கு விசையால் வெளிப்புறமாக உப்புகிறது. லக்கும் சற்று நீள்கிறது. என் வண்டியின் முன் கூலரில் மெல்லிய சாம்பல் நிறக் கீற்றுகள் வரிசையாக இருந்தன, விரலால் தொட்டால் ரப்பர்த் தூள் ஒட்டியது. பழைய 3 அங்குல லக் அங்கே தொட்டுக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. கூலரில் ஓட்டை விழுந்து, மலைக்கு அந்தப் புறத்தில் குளிர்விப்பு நீர் முழுவதும் பனியில் கொட்டிவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 165இலிருந்து 175க்குப் போனால் பட்டையின் சுற்று 10 அங்குலம் கூடும். அதில் பாதி மேற்புறத்துக்குப் போய்விடுவதால் பனியில் படும் நீளம் ஏறத்தாழ 5 அங்குலமே கூடுகிறது. ஆழமான பனியில் நேரே மேலேறுபவருக்கு அந்த 5 அங்குலம் மிகப் பெரிய உதவி. நான் பெரும்பாலும் மரங்களுக்கு இடையே ஓட்டுகிறேன், அங்கே வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துச் சட்டென்று திருப்ப வேண்டும். நீளம் அதற்கு எதிரி. தவிர, நீட்டுவதற்கு ரெயிலையும் நீட்ட வேண்டும். ஆகவே 16 அகலம், 165 நீளம் என்பதில் மாற்றமில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் லக்கின் உயரம் வருகிறது. இங்கே யார் எங்கே ஓட்டுகிறார் என்பதைச் சொல்லாமல் பேசுவதில் பயனில்லை. நான் ஓட்டுவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் சுற்றுவட்டாரத்தில், பெரும்பாலும் போல்டர் மலையிலும் ஃபிரிஸ்பி ரிட்ஜிலும். மொனாஷீ மலைத்தொடரின் இந்தப் பகுதிக்குப் பனி அள்ளிக் கொட்டுகிறது. ஜனவரி மாதத்தில் புதுப்பனி விழுந்த மறுநாள் காலை இடுப்பளவு ஆழத்தில் தூள்பனி கிடைக்கும். அந்த நாளுக்கு 3 அங்குல லக்கைப் போல் வேறொன்று இல்லை என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளிலும்கூட, மேலே போய்ச் சேர்வதற்கு இயந்திரத்தால் சீர்செய்யப்பட்ட கெட்டிப் பாதையில் பல கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பகலில் உருகி இரவில் உறைந்த பனி காலையில் கல்போல் இருக்கும், மதியத்தில் ஈரச்சோறாகிவிடும். உயரமான, மென்மையான லக் கெட்டிப் பனியில் மடிந்து அடிவாரத்தில் விசையை வாங்குகிறது. அங்கிருந்துதான் கிழிசல் தொடங்குகிறது. கெட்டிப் பாதையில் தூள்பனி மேலே தெறிக்காததால் கூலர்களும், ரெயிலின் அடியிலிருக்கும் ஹைஃபாக்ஸ் என்னும் அந்தப் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளும் குளிராமல் சூடேறுகின்றன. பனியைக் கீறி மேலே தெறிக்கவிடும் ஸ்கிராட்சர் கம்பிகளைக் கீழே இறக்கிவிட்டாலும், டர்போவின் கூடுதல் வெப்பத்தோடு அந்தப் பாதையைக் கடப்பது கவலை தரும் ஒன்றே.

டர்போ இருப்பதால் உயரமான லக்கைச் சுழற்ற முடியும் என்பது உண்மை. அதே டர்போ இருப்பதால் அது தேவையா என்ற கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆழமான பனியில் வண்டி மேலெழுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: ஒவ்வொரு சுற்றிலும் அதிகப் பனியை வாருவது ஒன்று, பட்டையை இன்னும் வேகமாகச் சுழற்றுவது மற்றொன்று. திறன் குறைந்த எஞ்சினால் வேகத்தைக் கூட்ட முடியாது, அதற்கு லக்கின் உயரம்தான் துணை. டர்போ எஞ்சினுக்கு இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. அதோடு, 3 அங்குல லக் மெதுவான வேகத்தில் திடீரென்று கவ்வும்போது முன்பக்க ஸ்கீக்கள் காற்றில் எழும்பி, வண்டியின் பின்புறம் பனிக்குள் குழி தோண்டிக்கொண்டு இறங்குவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். டர்போ ஊதும் நொடியும் லக் கவ்வும் நொடியும் ஒன்றாக வந்தால் மரங்களுக்கு நடுவே வண்டியைக் கட்டுக்குள் வைப்பது கடினம்.

ரப்பரின் கடினத்தன்மையும் உயரத்துக்கு இணையான விஷயம். டியூரோமீட்டர் அளவில் 60க்கு அருகில் இருப்பது மென்மையானது, 80க்கு அருகில் இருப்பது விறைப்பானது. மென்மையான லக் தூள்பனியில் நன்றாக வளைந்து கொடுக்கிறது, வசந்தகால ஈரப்பனியில் டர்போவின் விசைக்கு முன் படுத்துவிடுகிறது. விறைப்பான லக் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பாறையிலோ மரவேரிலோ மோதினால் வளையாமல் அடியோடு பிய்ந்துபோகும் ஆபத்து அதற்கு அதிகம். குட்டையான லக்கில் விறைப்பு கூடுதலாக இருப்பதே சரி என்பது என் தீர்மானம், ஏனென்றால் குட்டையான லக்கின் அடிவாரத்தில் விழும் நெம்பு விசை குறைவு.

என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. அவர் என்னைவிட நீண்ட காலமாக இந்த மலைகளில் ஓட்டுபவர். பருவத்தில் கிடைக்கும் சில நல்ல நாட்களுக்காகத்தான் இத்தனை செலவும், அந்த நாட்களுக்கு ஏற்ற டிராக்கைத்தான் போட வேண்டும் என்றார். அவருடைய வாதத்தை நான் மதிக்கிறேன். மற்ற நாட்களில் வீட்டில் இருந்துவிடக்கூடிய ஒருவருக்கு அது முற்றிலும் பொருந்தும். எனக்கு ஏப்ரல் மாதம் வரை ஓட்ட வேண்டும்.

பழைய டிராக் ஒன்றை வாங்கலாமா என்றும் யோசித்தேன். புது வண்டி வாங்கியவுடன் அதன் டிராக்கைக் கழற்றி விற்றுவிட்டு வேறொன்று போடுபவர்கள் இருக்கிறார்கள். புது டிராக் ஆயிரம் டாலரைத் தாண்டும்போது அப்படிக் கழற்றியது ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைக்கும். பார்க்கப் போனவற்றில் ஒன்று வெளிப்புறத்தில் புதிதுபோலவே இருந்தது. ஆனால் வெயில் படும் இடத்தில் சுருட்டி வைத்திருந்ததால் லக்கின் அடிவாரத்தை விரலால் மடக்கியதும் முடிபோன்ற வெடிப்புகள் விரிந்தன. திருப்பிச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். கம்பி உடையாமல், உட்பல் சிதையாமல், வெடிப்பில்லாமல் இருந்தால் பழையதை வாங்குவதில் தவறில்லை. வரிசை வரிசையாக மடக்கிப் பார்க்க விற்பவர் அனுமதிக்காவிட்டால் வாங்கக் கூடாது.

இறுதியில் வாங்கியது 16 அகலம், 165 நீளம், 3.0 பிட்ச், 2.5 அங்குல விறைப்பான லக், எல்லா ஜன்னல்களிலும் கிளிப் உள்ள புது டிராக். சந்தையில் பெரும்பகுதி கியூபெக்கில் வளர்ந்த கேம்ஸோ நிறுவனத்தின் தயாரிப்பாகவே இருந்து வந்திருக்கிறது. 2018இல் அதை மிஷெலின் வாங்கியது. வண்டி நிறுவனத்தின் பெயரில் விற்பதும் தனிச் சந்தையில் விற்பதும் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம் என்பதால் பெயரைவிட அளவுகளையே பார்த்தேன். கூடவே ஜன்னல் பற்கள் கொண்ட கூட்டு வகை ஸ்பிராக்கெட் ஒரு ஜோடி, அதே 7 பல்லில். அச்சை வெளியே எடுத்திருக்கும்போதே தாங்கிகளையும் மாற்றிவிடுவது நல்லது, மறுபடி செயின் கேஸைத் திறக்கும் வேலை மிச்சமாகும்.

சுருட்டி வந்த புது டிராக் குளிரில் மரப்பலகைபோல் விறைத்திருக்கும் என்பதால் ஓர் இரவு சூடான கராஜில் விரித்து வைத்தேன். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுழற்சி அம்புக்குறியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் சஸ்பென்ஷனை ஏற்றினேன். முன் கூலருக்கும் லக் நுனிக்கும் இடையே இப்போது ஒரு விரல் தாராளமாக நுழைகிறது. இறுக்கத்துக்கு, கையேட்டில் சொல்லியிருக்கும் எடையைப் பட்டையின் நடுவில் தொங்கவிட்டுத் தொய்வை அளக்க வேண்டும். ஜன்னல் பிடிப்பு இருப்பதால் அனுமதிக்கப்பட்ட எல்லையின் தளர்வான பக்கத்தில் வைத்தேன். புது டிராக் முதல் சில ஓட்டங்களில் நீண்டுகொடுக்கும், ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இறுக்கத்தையும், டிராக் இரண்டு ரெயில்களுக்கும் நடுவே ஓடுகிறதா என்பதையும் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது.

எஞ்சினின் வேகத்துக்கேற்ப விகிதத்தைத் தானே மாற்றி விசையைக் கடத்தும் கிளட்ச்சை இதோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். லக் குட்டையானதும் எஞ்சினின் மேல் சுமை குறைகிறது. முழுத் திராட்டிலில் சுழற்சி வேகம் குறித்த எல்லையைத் தாண்டத் தொடங்குகிறது. முதன்மைக் கிளட்ச்சின் எடைகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதைப் பழைய எல்லைக்குள் கொண்டுவந்தேன். டிராக்கை மட்டும் மாற்றிவிட்டு கிளட்ச்சைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்த டிராக்கின் உண்மையான குணம் தெரிய வராது.

இந்த டிராக்கோடு பிப்ரவரியில் போல்டர் மலையில் ஓட்டியபோது, ஆழமான பனியில் முதல் அசைவுக்குக் கொஞ்சம் கூடுதல் திராட்டில் தேவைப்படுகிறது என்பதைக் கவனித்தேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில் 3 அங்குலம்தான் மேல். நகரத் தொடங்கிய பிறகு பட்டையின் வேகம் விரைவாக ஏறி, வண்டி பனியின் மேல் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. மரங்களுக்கு இடையே முன்பக்கம் தாழ்ந்தே இருக்கிறது. வேகமும் பிடியும் கூடிய வண்டி, முன்பு ஏற முடியாத சரிவுகளுக்கும் ஓட்டுபவரைக் கொண்டுபோய் விடும் என்பதால், ரெவல்ஸ்டோக்கிலேயே தலைமையகம் கொண்ட அவலாஞ்ச் கனடா தினமும் தரும் பனிச்சரிவு அறிக்கையை இப்போது இன்னும் கவனமாகப் படிக்கிறேன். டனலுக்குள்ளிருந்து வரும் அந்த வெடிச்சத்தத்தை இதுவரை ஒருமுறையும் கேட்கவில்லை. பருவம் முடிந்ததும் சஸ்பென்ஷனை இறக்கி, உட்பற்களின் தள்ளப்படும் தோளையும் கிளிப்புகளின் ஓரத்தையும் பார்த்து, ஸ்பிராக்கெட் எவ்வளவு தேய்மானத்தை விட்டிருக்கிறது என்பதைப் படங்களோடு எழுதுகிறேன்.